நாற்காலிப் பாடம்

(உள்ளாட்சி குறித்த இளைஞர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கான இணையவழிப் பயிற்சியை உருவாக்கிய அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்தார்கள். வெற்றிக் கதையை எதிர்பார்த்து அழைத்திருந்தால் மன்னிக்கவும். நான் பேசப்போவதில் பாதி, நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றியது.

முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென் மாவட்டங்களின் தனி ஊராட்சிகளில் சுற்றி முடித்த நேரம். ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இருந்தது. (இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாம் ஆய்வு மாணவர்கள் என்று நினைக்கிறேன்.) அப்போது வெளிநாட்டு நிதியில் இயங்கும் ஓர் அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. "மோதல் பாதித்த பகுதிகளில் உள்ளாட்சி நிர்வாகம்" என்ற இணையவழிப் படிப்பைத் தயாரிக்கிறார்கள், தெற்காசியப் பகுதிக்கு ஆள் வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

எடுத்துக்காட்டுகளாக எந்தெந்த நாடுகள் என்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள். அதில் நேபாளம் இருந்தது. நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, மதுரை மாவட்டத்தின் சில ஊராட்சிகளையும் சேர்க்கலாம் என்றேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது. சாதிப் பாகுபாடு என்பது "சமூகப் பிரச்சினை", அதற்கு வேறு படிப்பு இருக்கிறது. மோதல் என்றால் ஆயுதம் ஏந்திய இரு தரப்பு இருக்க வேண்டும் என்றார்கள்.

நான் வாதம் எதுவும் எழுதவில்லை. இரண்டு பத்தாண்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.

நேபாளத்தில் மாவோயிஸ்டுகளின் ஆயுதப் போர் தொடங்கியது 1996 பிப்ரவரி. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 2006 நவம்பர். அங்கே 1997-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2002-இல் முடிந்தது. மறுபடி உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2017 ஆனது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் மதுரை மாவட்டம். கொட்டக்கச்சியேந்தல் விருதுநகர் மாவட்டம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1996-இலிருந்து 2006 வரை அங்கே முறையான தலைவர் என்று ஒருவர் நிலைக்க முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார், வரவிடமாட்டார்கள். சில முறை, ஊர்ப் பெரியவர்கள் தாங்களே ஒருவரை நிறுத்துவார்கள். வென்றதும் அவர் ராஜினாமா செய்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

அதே பத்தாண்டு. ஒன்றுக்குப் பெயர் உள்நாட்டுப் போர். இன்னொன்றுக்குப் பெயர் சமூகப் பிரச்சினை.

ஆயுதம் ஏந்திய இரு தரப்பு வேண்டும் என்றார்கள் அல்லவா? மேலவளவை நினைத்துப் பாருங்கள். 1996-இல் தனி ஊராட்சி ஆனது. மனுப் போட்டவர்கள் மிரட்டப்பட்டு விலகினார்கள், அடுத்த முறை வாக்குப்பதிவிலேயே கலவரம். டிசம்பர் இறுதியில் காவல்துறைப் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஓடும் பேருந்தை மறித்து அவரையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டினார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு தரப்பிடம் அரிவாள் இருந்தது, இன்னொரு தரப்பிடம் தேர்தல் அலுவலர் கொடுத்த வெற்றிச் சான்றிதழ் இருந்தது. இதை மோதல் என்று சொல்ல முடியாது என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்விடுதலை ஆகி வெளியே வந்ததையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதன்மைப் படிப்பில் சேர்க்க முடியாது, தமிழ்நாட்டுத் தனி ஊராட்சித் தலைவர்களுக்காக ஒரு சிறு "முன்னோட்டப் பயிற்சி" நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்சம் பணமும் ஒதுக்கினார்கள். நானும் இரண்டு தோழர்களும் வேலையில் இறங்கினோம்.

முதல் வடிவத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எட்டுப் பாடம், காணொளி, ஸ்லைடு, கடைசியில் கேள்வி–பதில், சான்றிதழ். அரசமைப்பின் 73-ஆவது திருத்தம், பதினோராவது அட்டவணையின் 29 பொருள்கள், கிராம சபை, வரவு செலவு. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கினோம். "பங்குதாரர்களை ஈடுபடுத்துதல்" என்று ஒரு பாடத்துக்குத் தலைப்பு. அதைப் பார்த்துவிட்டு ஒரு தலைவர் கேட்டார்: "யாருகூட பங்கு டீச்சர்? நமக்கு நெலமே இல்லையே."

20-க்கும் சற்று மேற்பட்ட தலைவர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மூன்றாம் பாடத்தில் ஒரு பயிற்சி வைத்திருந்தோம். ஒவ்வொருவரும் தங்கள் ஊராட்சியின் மிகப் பெரிய சவாலை இரண்டு நிமிடம் பேச வேண்டும். எல்லாரும் தண்ணீர், தெருவிளக்கு என்று பேசினார்கள். ஒரு அக்கா மட்டும் உண்மையைப் பேசினார். ஊர், மாவட்டம், பெயர் எதுவும் சொல்லமாட்டேன். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

துணைத் தலைவர் ஐந்து மாதமாகக் காசோலையில் கையெழுத்துப் போடவில்லை என்றார். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் சம்பளம் நிற்கிறது. அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் துணைத் தலைவர் உட்காருகிறார், தனக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல். இதையெல்லாம் அழாமல், குரல் உயராமல், வரிசையாகச் சொன்னார். நாங்கள் பூரித்துப் போனோம். "இதுதான் பயிற்சியின் பலன்" என்று அன்றைய அறிக்கையில் எழுதியவளே நான்தான்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். ஜூமில் சேர்ந்தது ஊராட்சிச் செயலரின் போனில். செயலர் ஊர்க்காரர், துணைத் தலைவருக்கு உறவு. எங்கள் அமைப்பில் ஒவ்வொரு வகுப்பும் தானாகவே பதிவாகும். வர முடியாதவர்கள் பிறகு பார்ப்பதற்காக, பதிவு செய்த எண்ணுக்கெல்லாம் இணைப்பு போகும். அந்த அக்காவின் பெயருக்கு நேராகப் பதிவாகியிருந்தது செயலரின் எண்.

மூன்றே நாளில் அந்த இரண்டு நிமிடம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. அவர் கணவர் வேலை பார்த்த தோப்பில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மளிகைக் கடையில் கடன் நின்றது. இரவில் நான்கு பேர் வீட்டு வாசலில் வந்து நின்று, "யார்கிட்ட என்னத்தச் சொன்ன?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த நாள் எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"டீச்சர், நான் பேசுனது உங்களுக்கு மட்டும்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் அக்கா, நாங்கள் வக்கீல் ஏற்பாடு செய்கிறோம் என்றேன். "புகார் குடுத்துட்டு நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நான்தான இங்க இருக்கணும்" என்றார். அமைப்புக்கு எழுதினேன். பதிவுக்கு ஒப்புதல் தரும் படிவத்தில் டிக் செய்யப்பட்டிருக்கிறது, நடைமுறையில் பிழை இல்லை என்று பதில் வந்தது. டிக் செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் அந்தச் செயலர்தான்.

ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. அமைப்பின் மீது பழி போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. இந்த ஊராட்சிகளை மோதல் பகுதி என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் பாடம் எடுக்க உட்கார்ந்தபோது, அது ஏதோ அமைதியான ஊர் போலவும், அவர் கையில் இருப்பது அவருடைய சொந்தப் போன் போலவும் எடுத்தேன். வாதத்தில் இருந்த மோதல் வடிவமைப்பில் இல்லை.

பயிற்சியை நிறுத்தினோம். அந்த நிதியையும் விட்டோம். இரண்டாம் வடிவத்தைத் தயாரிக்கும்போது முதலில் கேட்ட கேள்வி, என்ன சொல்லித் தர வேண்டும் என்பதல்ல. போன் யாருடையது என்பது. ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்து, அவரோ அவர் மகளோ வைத்திருக்கும் எண்ணை மட்டும் வாங்கினோம். காணொளி கிடையாது, குரல் அழைப்பு மட்டும். பட்டன் போனிலும் கேட்கலாம். நேரம் இரவு 9 மணி, பாத்திரம் கழுவி முடித்த பிறகு. எதுவும் பதிவாகாது. ஒரு குழுவுக்கு ஐந்து பேர், ஐந்து பேரும் வெவ்வேறு மாவட்டம். ஒருவர் ஊர் இன்னொருவருக்குத் தெரியத் தேவையில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது பக்கத்தில் வந்தால், "கேஸ் புக் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். சான்றிதழையும் எடுத்துவிட்டோம். அதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. சட்டம் போட்டு வீட்டில் மாட்ட ஆசைப்பட்டார்கள். அது நியாயமான ஆசை. இன்னும் அதற்கு ஒரு வழி தெரியவில்லை.

பாடங்களும் மாறின. 29 பொருள்களைத் தூக்கிவிட்டு, முதல் பாடம் நாற்காலி என்று வைத்தோம். சிரிக்க வேண்டாம். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தபோது, 22 ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை என்று தெரிந்தது. அந்த ஆகஸ்ட்டில் தலைமைச் செயலாளரே, சுதந்திர தினத்தன்று இந்தத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2020-இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆக, வரவு செலவுப் பாடம் தொடங்குவதற்கு முன், எதில் உட்கார்ந்து அதைச் செய்வது என்பது முடிவாக வேண்டும். முதல் கூட்டத்துக்கு எத்தனை மணிக்குப் போவது, யாரைக் கூட்டிப் போவது, நாற்காலி இல்லை என்றால் எழுந்து போய்விடுவதா நின்றுகொண்டே கூட்டத்தை நடத்துவதா என்று ஒரு மணி நேரம் பேசினோம். மூத்த தலைவர் ஒருவர் சொன்ன வழி எங்களில் யாருக்கும் தோன்றவில்லை: "ஊராட்சிக்கு நாலு நாற்காலி வாங்கணும்னு மொதத் தீர்மானமே போட்டுருங்க. அப்புறம் அது கணக்குல இருக்கும். இல்லேன்னு எவனும் சொல்ல முடியாது."

இரண்டாம் பாடம் காசோலை. இது வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர் அவர். நம் சட்டத்தின் 188-ஆவது பிரிவின்படி ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தனி ஊராட்சியில் இதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். பேனாவை எடுக்காமல் இருந்தால் போதும், ஊராட்சி நின்றுவிடும். தண்ணீர் வராது. சனங்கள் திட்டுவது தலைவரைத்தான். புகார் மேலே போனால் ஆட்சியர் 203-ஆவது பிரிவைப் பயன்படுத்திக் காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆனால் கையெழுத்துப் போடாதவரோடு சேர்த்துப் போடத் தயாராக இருந்தவரின் அதிகாரமும் போய்விடும். இப்போது பணப் பரிமாற்றம் பெரும்பாலும் இணையத்துக்கு வந்துவிட்டது, டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு டோங்கிள். உங்கள் டோங்கிள் எங்கே இருக்கிறது என்று குழுவில் கேட்டேன். ஐந்து பேரில் நான்கு பேருக்கு அது செயலரின் மேசை டிராயரில். பாஸ்வேர்டும் அவரிடம்.

அதனால் இந்தப் பாடம் முழுக்கச் சின்னச் சின்னச் செயல்கள். டோங்கிளை வாங்கி வீட்டில் வைப்பது. வெற்றுத் தாளிலும், எழுதாத மினிட் நோட்டிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது. கையெழுத்து மறுக்கப்பட்டால் வாய்ப்பேச்சாக விடாமல், தேதி போட்டு ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், நகல் பிடிஓ-வுக்கு. அந்த ஒப்புகை அட்டைகளை ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைப்பது. நாளைக்கு நிதி முறைகேடு என்று இவர் மீதே நோட்டீஸ் வரும்போது கையில் இருக்கப்போவது அந்த அட்டைகள் மட்டும்தான்.

2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவு, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தங்கள் பணியைச் செய்யவிடாமல் தடுப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. எங்கள் குழுவில் இதை முன்பே கேள்விப்பட்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் எல்லாரும் ஏற்கனவே அரசுப் பயிற்சிக்குப் போய், நோட்டும் பேனாவும் சாப்பாடும் வாங்கி வந்தவர்கள்.

நேபாளத்திலிருந்து எதுவும் கற்கவில்லையா என்று கேட்பீர்கள். கற்றோம். அங்கே 2017 முதல் ஒவ்வொரு வார்டு குழுவிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் கட்டாயம். மொத்தம் 6,743 வார்டுகள். நம்மிடம் இல்லாத ஏற்பாடு இது. அங்கே பயிற்சி நடத்தும் ஒரு தோழியோடு பேசினேன். இடம் கிடைத்துவிட்டது, ஆனால் கூட்டம் நடக்கிற தகவல்தான் வந்து சேருவதில்லை என்றார். அவரிடம் எங்கள் நாற்காலிப் பாடத்தைச் சொன்னேன். "எங்களுக்கு அது தேநீர்ப் பாடம்" என்றார். கூட்டத்தில் தேநீர் யார் கையில் எந்தக் குவளையில் வருகிறது என்பதிலிருந்து தொடங்குவார்களாம்.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: பயிற்சி என்பதே என்ஜிஓ வேலை அல்லவா, அரசியலை மழுங்கடிப்பது அல்லவா? பாதி ஒப்புக்கொள்கிறேன். "திறன் வளர்ப்பு" என்ற சொல் எனக்கும் எரிச்சல். முருகேசனுக்கு எந்தத் திறன் குறைவாக இருந்தது? திருநெல்வேலி தாழையூத்தில் கிருஷ்ணவேணி பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட முயன்றார். 2011 ஜூனில் அவரை வெட்டினார்கள், பிழைத்தார். அவர் நிர்வாகம் தெரியாததால் வெட்டுப்படவில்லை, நிர்வாகம் செய்ததால் வெட்டுப்பட்டார். பயிற்சி தேவைப்படுவது துணைத் தலைவருக்கும் செயலருக்கும், கண்டுகொள்ளாத அதிகாரிக்கும். அவர்களுக்கு "ஒரு தலித் பெண்ணின் தலைமையில் கூட்டத்தில் உட்காருவது எப்படி" என்று ஒரு படிப்பு எந்த நிதியமைப்பும் நடத்தி நான் பார்த்ததில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்தோம். உணர்ச்சிகரமான விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கிராமத்தை அப்பாவித்தனமாகப் பார்க்கக் கூடாது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் பேசியது நமக்குத் தெரியும். 1932-இலேயே பம்பாய்ச் சட்ட மன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனி இடம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க மாட்டேன் என்று நின்றவர் அவர். அந்த இடம் அறுபது ஆண்டு கழித்துக் கிடைத்தது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களை, அரசியல் கூர்மையாக இருக்க வேண்டும் என்ற பெயரில், சட்டப் பிரிவு எண்கூடத் தெரியாமல் நாம் தனியாக விடலாமா? என் பதில், கூடாது என்பதுதான். ஆனால் ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும், இதனால் அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். முதல் வடிவத்தில் அந்த நிமிடம் இல்லை.

2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோர் முன்னாள் தலைவர்கள் ஆகிவிட்டார்கள். ஆனாலும் இரவு 9 மணி அழைப்பு நிற்கவில்லை. டோங்கிள் இல்லை, காசோலை இல்லை, பேசுவதற்கு ஏதோ இருக்கிறது.

அந்த அக்கா மீண்டும் எங்கள் குழுவில் சேரவில்லை. இரண்டு முறை கேட்டேன், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். சில வாரங்களுக்கு முன் அவரே கூப்பிட்டார், புது எண்ணிலிருந்து. மகள் வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்த போன் என்றார். சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்த தடவ எங்க ஊரு பொதுவா மாறிருச்சுன்னா, நான் நிக்கலாமா டீச்சர்? சட்டம் விடுமா?"

விடும் அக்கா, பொது என்றால் எல்லாருக்கும் பொதுதான் என்றேன்.

"அப்ப அதுக்கு ஒரு பாடம் எழுதுங்க" என்றார். "ரெக்கார்டு பண்ணாதீங்க."

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.